நான் ஒண்ணும் மாத்தலையே!

உங்க வீட்டுல "நம்ம பிள்ளை கம்ப்யூட்டர் தானே படிக்குது" என்ற வசனத்தைக் கேட்டிருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். டிவி ரிமோட்டில் ஆரம்பித்து பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் வாட்ஸ்அப் பேக்கப் வரைக்கும் எல்லாமே நம்ம டிபார்ட்மெண்ட். நானும் கெத்தாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன், 2023 டிசம்பர் வரைக்கும்.

மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 3 ராத்திரி ஆரம்பித்த மழை, 4-ம் தேதி முழுக்கக் கொட்டியது. ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், பட்டாபிராம் என்று நம்ம பக்கம் முழுக்கத் தண்ணீர். திருமுல்லைவாயலில் எங்கள் வீட்டு முன்ரூம்தான் அம்மாவின் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஸ்கூல் கொஸ்டின் பேப்பர் எல்லாம் அடித்துத் தருவார். ஃப்ரிட்ஜையும் பேப்பர் கட்டுகளையும் மேலே ஏற்றுவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கேபினெட்டின் கீழ்ப்பாதி முங்கிப்போச்சு.

எங்கள் ஏரியாவில் எல்லோருக்கும் சிஸ்டம் பார்க்கும் ஒரு அண்ணன் உண்டு. தண்ணீர் வடிந்ததும் அவரே வந்து எல்லாவற்றையும் கழற்றிக் காய வைத்தார். அது பழைய மாடல் கேபினெட், பவர் சப்ளை மேலே இருக்கும். அதனால் அது தப்பித்தது. பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றும் மேல்பாதியில் இருந்ததால் பிழைத்தன. மதர்போர்டு மட்டும் அவுட். கீழ் ஓரத்தில் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது.

இங்கேதான் முதல் பாடம். மதர்போர்டு செத்தால் இன்னொரு மதர்போர்டு வாங்கிப் போட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் பிராசசருக்கு ஏற்ற சாக்கெட்டும் சிப்செட்டும் வேண்டும். எங்களுடையது ஐ5-8400, 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை. அதற்கு 300 சீரிஸ் போர்டுதான் பொருந்தும். புதுசு கடைகளில் கிடைப்பது கஷ்டம். அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து ஒரு செகண்ட் ஹேண்ட் போர்டு பிடித்து வந்தார். பழையது எச்310, கொண்டு வந்தது இசட்370. "பாப்பா, இது அதைவிட ஒரு படி மேல. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் உழைக்கும்" என்றார்.

டிசம்பர் 18, திங்கட்கிழமை. மார்கழி பிறந்து இரண்டாவது நாள். இந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு மார்கழி என்றால் என்னவென்று தெரியும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தை மாசக் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அடிப்பது மார்கழியில்தான். கடைக்கு இரண்டு வாரம் சிஸ்டம் இல்லை. ஏழு பத்திரிகை ஆர்டர் காத்திருக்கிறது. அண்ணன் போர்டை மாட்டி ஆன் செய்தார். விண்டோஸ் "டிவைஸ்களைத் தயார் செய்கிறேன்" என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஓபன் ஆனது. அம்மா சாமி படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கிராஷ்.

முதலில் பத்திரிகை டிசைன் செய்யும் சாஃப்ட்வேர். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பொட்டென்று மூடிக்கொள்ளும். அப்புறம் பிரவுசர். அப்புறம் பிடிஎஃப் ரீடர். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் ஐந்து நிமிஷத்தில் இரண்டு தடவை விழும். அம்மா என்னைக் கூப்பிட்டார். நான் வந்து பார்க்கும்போது ஒழுங்காக ஓடும். டெமோ நாளில் மட்டும் படுக்கும் ப்ராஜெக்ட்டைப் பார்த்திருக்கிறோம், இது அப்படியே தலைகீழ்.

"அம்மா, நீ அவசரத்துல எதையாவது அமுக்கியிருப்ப. ஒரு நேரத்துல ஒரு ஃபைலைத் தொற."

இதை நான் சொன்னேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அடுத்த நாலு நாள் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மதர்போர்டு மாற்றும் யாருக்கும் இதில் பாதி உதவும்.

ஒன்று, விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விட்டது. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டிப்போட்டது மாதிரி. போர்டு மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கம்ப்யூட்டர். முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு லைசென்ஸை இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் "ஹார்ட்வேர் மாற்றினேன்" என்று தேர்ந்தெடுத்து மீட்கப் பார்க்கலாம். ஆனால் அந்த லைசென்ஸ் மெஷினோடு சேர்ந்து வந்த ஓஇஎம் வகையாக இருந்தால் பெரும்பாலும் போனது போனதுதான். ஆக்டிவேஷன் போனதால் ஆப் கிராஷ் ஆகாது. ஓரத்தில் ஒரு வாட்டர்மார்க் வரும், வால்பேப்பர் மாற்ற முடியாது, அவ்வளவுதான். நான் இதற்கே அரை நாள் செலவழித்தேன்.

இரண்டு, பழைய போர்டின் டிரைவர்கள். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் டிவைஸ்களைக் காட்டு என்று சொன்னால், இப்போது இல்லாத ஆடியோ, லேன் எல்லாம் மங்கலாகத் தெரியும். அவற்றை எடுத்துவிட்டு புது போர்டின் சிப்செட் டிரைவரைப் போட்டேன். கிராஷ் நிற்கவில்லை.

மூன்று, எஸ்எஃப்சி ஸ்கேன். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும். ஒரு தடவை எல்லாம் சரி என்றது. இன்னொரு தடவை ஏதோ உடைந்திருந்தது, சரி செய்துவிட்டேன் என்றது. மூன்றாவது தடவை மறுபடியும் உடைந்திருக்கிறது என்றது. இங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

நான்கு, டிசைன் சாஃப்ட்வேரை நீக்கி மறுபடி போட்டேன். பழைய பாமினி ஃபான்ட்களைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் தூக்கினேன். பாதிப் பத்திரிகை தாறுமாறான ஆங்கில எழுத்துகளாகத் தெரிய, அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்பப் போட்டேன்.

ஐந்து, விண்டோஸையே புதுசாகப் போடலாம் என்று இறங்கினேன். இன்ஸ்டால் பாதியில், ஒரு ஃபைல் உடைந்திருக்கிறது என்று நின்றது. பென்டிரைவ் சரியில்லை என்று முடிவு கட்டினேன். வேறு பென்டிரைவில் மூன்றாவது முயற்சியில் ஏறியது. புத்தம் புது விண்டோஸ். அதிலும் கிராஷ்.

ஈவென்ட் வியூவர் என்று ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. எந்த ஆப், எந்த நேரத்தில், எந்த மாட்யூலில் விழுந்தது என்று எழுதி வைக்கும். பார்த்தேன். பெரும்பாலும் "ஆக்சஸ் வயலேஷன்" என்கிற எக்ஸெப்ஷன். தனக்கு அனுமதியில்லாத மெமரி முகவரியை ஒரு ப்ரோக்ராம் தொட்டது என்று அர்த்தம். சி லேபில் பாயின்டரைத் தப்பாக விட்டுவிட்டு நாம் எல்லோரும் வாங்கியதுதான். அதைப் பார்த்ததும் சாஃப்ட்வேரில்தான் பக் என்று உறுதியாகிவிட்டேன். ஆனால் மாட்யூல் பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக இருந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை.

எல்லாம் தோற்றதும் பழி போட ஆள் தேடுவோம் இல்லையா? சனிக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, செகண்ட் ஹேண்ட் போர்டுன்னு எதையோ தலையில கட்டிட்டீங்க. அம்மா பாவம், சீசன் நேரத்துல உட்கார்ந்து அழுவறாங்க."

அம்மா அழவெல்லாம் இல்லை. ஒரு எஃபெக்ட்டுக்குச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரேமைக் கழற்றி அதன் தங்க நிறக் காலை ரப்பரால் தேய்த்து மாட்டினார். தன் கையில் இருந்த வேறு பவர் சப்ளையைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் எல்லாம் ஓடியது.

"பாப்பா, நான் போனதுக்கப்புறம் உள்ள ஏதாவது மாத்துனியா?"

"நான் ஒண்ணும் மாத்தலைண்ணா."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். அம்மா நீட்டிய காசை வாங்காமல் கிளம்பினார். "ரிச்சி ஸ்ட்ரீட்ல திருப்பிக் கேட்டுப் பாக்கறேன்கா" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அன்றைக்கு ராத்திரியே மறுபடி விழுந்தது.

செவ்வாய், 26-ம் தேதி, பெரிய அடி. பட்டாபிராம்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு ஐந்நூறு பத்திரிகை சொல்லியிருந்தார். ப்ரூஃப் பார்த்து, பெரியப்பா பெயரில் இருந்த எழுத்துப்பிழை வரை திருத்தி, ஓகே வாங்கியாச்சு. பிளேட்டுக்கு அனுப்பத் திறந்தால், ஃபைல் திறக்கவே இல்லை. உடைந்துவிட்டது. பேக்கப்பைத் திறந்தோம், அதுவும் உடைந்திருந்தது. அதை ஜிப் செய்து வைத்ததே இந்த மெஷினில்தான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ப்ரூஃப் பேப்பரை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து டைப் செய்ய ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ், ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில்.

மறுநாள் ராத்திரி அவர் தூங்கப் போன பிறகு நான் கடையில் உட்கார்ந்தேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஆர்டர் நோட்டு கிடந்தது. கடைசிப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து.

"திங்கள் சாயந்திரம் 6 முதல் 8 வரை வேலை செய்தேன். பிரச்னை இல்லை.
செவ்வாய் 9.40 நின்றது. பத்திரிகை வேலை.
செவ்வாய் 10.15 நின்றது. பத்திரிகை, போட்டோ இரண்டும் திறந்திருந்தது.
செவ்வாய் 12 முதல் 1 லெட்டர் மட்டும் அடித்தேன். நிற்கவில்லை.
புதன் 11.05 பிரவுசர் நின்றது. நான் எதையும் அமுக்கவில்லை."

இப்படி ஒன்பது நாளும் எழுதியிருந்தார். கடைசி வாக்கியத்தைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியிலும் சேர்த்திருந்தார். நான் எதையும் அமுக்கவில்லை, நான் எதையும் அமுக்கவில்லை. என்னிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்று நோட்டில் எழுதியிருக்கிறார்.

அதைப் படித்தால் இரண்டு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. சின்ன வேலைக்கு நிற்பதில்லை, பெரிய ஃபைல்கள் திறந்திருக்கும்போது, அதாவது மெமரி நிறைய தேவைப்படும்போதுதான் நிற்கிறது. அடுத்தது, திங்கள் சாயந்திரம் 6 முதல் 8 வரை பிரச்னையே இல்லை. அதே போர்டு, அதே ரேம், அதே சாஃப்ட்வேர். அப்படியானால் திங்கள் 8 மணிக்கும் செவ்வாய் 9.40-க்கும் நடுவில் என்ன நடந்தது?

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நடுவில் நடந்தது நான்.

திங்கள் ராத்திரி பத்து மணிக்கு, புது போர்டு எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று பயாஸுக்குள் போயிருந்தேன். எக்ஸ்எம்பி என்று ஒரு ஆப்ஷன். "இலவச பெர்ஃபார்மன்ஸ், எல்லோரும் ஆன் பண்ணுங்க" என்று எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறேன். ஆன் செய்தேன், சேவ் செய்தேன், தூங்கிவிட்டேன். அது ஒரு "மாற்றம்" என்றே என் மண்டையில் பதியவில்லை.

எக்ஸ்எம்பி என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேம் ஸ்டிக்கில் ஒரு குட்டி சிப் இருக்கும். அந்த ஸ்டிக் எந்த வேகத்தில் ஓடும் என்ற தகவல் அதில் இருக்கும். வழக்கமாக போர்டு பாதுகாப்பான வேகத்தை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எம்பியை ஆன் செய்தால், தயாரித்தவர் சோதித்துச் சொன்ன கூடுதல் வேகத்தையும் வோல்டேஜையும் எடுத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட அதிகாரபூர்வமான ஓவர்கிளாக்கிங். ஒரே பாக்கெட்டில் வந்த ஜோடிக்குப் பெரும்பாலும் பிரச்னை வராது.

எங்களிடம் இருந்தது ஜோடி அல்ல. ஒன்று கம்ப்யூட்டரோடு வந்த 2666 ஸ்டிக். இன்னொன்று ஆன்லைன் கிளாஸ் காலத்தில் வேறு கம்பெனியில் வாங்கிய 3200 ஸ்டிக், மேலே ஹீட்சிங்க் எல்லாம் போட்டது. பழைய எச்310 போர்டில் இந்தப் பிராசசரோடு 2666-க்கு மேல் போகவே முடியாது. அதனால் இத்தனை வருஷம் இரண்டும் அமைதியாகக் குடித்தனம் செய்தன. இசட்370-க்கு அந்தத் தடை இல்லை. நான் ஆன் செய்ததும் இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து 3200-ல் ஓட்டிவிட்டது.

சந்தேகம் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். பென்டிரைவிலிருந்து பூட் ஆகும், விண்டோஸே தேவையில்லை. ரேம் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும். ஓட விட்டேன். பத்தாவது நிமிஷம் திரையில் சிவப்பு வரிகள்.

அடுத்து 3200 ஸ்டிக்கை மட்டும் வைத்து, எக்ஸ்எம்பியோடு: சுத்தம். பழைய ஸ்டிக்கை மட்டும் வைத்தேன். அதில் எக்ஸ்எம்பி தகவலே இல்லை, தன் வேகத்தில் ஓடியது: சுத்தம். இரண்டையும் வைத்து எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து விடியும்வரை விட்டேன்: ஒரு பிழை கூட இல்லை. ரேம் இரண்டும் நல்லது, போர்டும் நல்லது. நான் வைத்த செட்டிங்தான் கெட்டது.

அப்போது எல்லாம் பொருந்தியது. ரேமில் அங்கங்கே ஒரு பிட் மாறிப்போகிறது. அது ஒரு பாயின்டரில் விழுந்தால் ப்ரோக்ராம் எங்கேயோ போய் முட்டி ஆக்சஸ் வயலேஷன். எஸ்எஃப்சி படிக்கும் ஃபைலில் விழுந்தால் "உடைந்திருக்கிறது". இன்ஸ்டாலரில் விழுந்தால் பென்டிரைவ் மேல் பழி. சேவ் செய்யும் பத்திரிகையில் விழுந்தால், ஒரு அப்பாவின் ஐந்நூறு பத்திரிகை. ஒரே ஆப் ஒரே இடத்தில் விழுந்தால் ஆப்பைச் சந்தேகப்படுங்கள். வேறு வேறு ஆப் வேறு வேறு இடத்தில் விழுந்தால் அடியில் இருப்பதைப் பாருங்கள்: ரேம், பவர், சூடு, பயாஸ் செட்டிங்.

இது என் ஒருத்திக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிற்பாடு படித்துத் தேற்றிக்கொண்டேன். மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் 2005-ல் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க இருந்து வரும் விண்டோஸ் கிராஷ் ரிப்போர்ட்களில், ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும் வரியில் கிராஷ் ஆகியிருந்தது. மெமரியையே தொடாத வரி அது. விழவே வாய்ப்பில்லை. விசாரித்தால், ஓவர்கிளாக் செய்த மெஷின்கள். தங்கள் மெஷின் ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்றே தெரியாமல் வாங்கியவர்களும் அதில் உண்டு. கூகுளின் சர்வர்களை வைத்து 2009-ல் வந்த ஆய்வில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் குறைந்தது ஒரு பிழையாவது பதிவாகியிருந்தது. சர்வர்களில் பிழையைப் பிடித்துத் திருத்தும் இசிசி ரேம் இருக்கும். நம்ம வீட்டு டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் கதையும் இப்படித்தான். கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லி விழ, பலரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள். காரணம் பிராசசருக்குப் போன வோல்டேஜ். கடைசியில் மைக்ரோகோட் அப்டேட்டும் வாரண்டி நீட்டிப்பும் வந்தன.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அப்போ நான் எதையும் அமுக்கலதானே?" என்றார்.

"இல்லம்மா. நான்தான் அமுக்கினேன்."

"நான் ஏதோ தெரியாம பண்றேனோன்னு பயந்துட்டே இருந்தேன்டி. இனிமே இந்த வேலை நமக்கு வராது போலன்னு கூட நெனச்சேன்."

இருபது வருஷமாக டைப் செய்பவர். அவரை அப்படி நினைக்க வைத்தது எந்த ரேமும் இல்லை.

பட்டாபிராம் பத்திரிகை இரண்டு நாள் லேட்டாகப் போனது, அம்மா பில்லில் குறைத்துக்கொண்டார். 19 முதல் 27 வரை சேவ் செய்த ஒவ்வொரு ஃபைலையும் திறந்து சரிபார்த்தோம். விண்டோஸை மறுபடி புதுசாகப் போட்டேன், இந்த முறை முதல் பென்டிரைவிலேயே ஏறியது. பாவம், அது நல்ல பென்டிரைவ்தான்.

அண்ணன் கடைக்குப் போக எனக்கு மூன்று நாள் ஆனது. போனில் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். திட்டினது போனில்தானே. அப்புறம், அது சரியில்லை என்று நேரிலேயே போனேன். அவர் ஏதோ ஒரு லேப்டாப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். எக்ஸ்எம்பி, நான் ஆன் செய்தது, நீங்கள் கேட்டபோது இல்லை என்று சொன்னது, எல்லாம். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த போர்டுக்காரன்கிட்ட நானும் சண்டை போட்டுட்டேன் பாப்பா" என்றார். அவ்வளவுதான். "பரவாயில்லை" என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கிளம்பும்போது மட்டும், "அடுத்த தடவை பயாஸ்ல கை வெச்சா ஒரு பேப்பர்ல எழுதி வை" என்றார்.

இப்போது கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. தேதி, நேரம், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பது என்னுடையது. என்ன நடந்தது என்பது அம்மாவுடையது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் கிட் கமிட் மெசேஜ் எழுதச் சோம்பல் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் ஞாபகம் வருகிறது.

நாளைக்கு வேலைக்குப் போய் ஒரு கஸ்டமர் டிக்கெட்டைத் திறப்பீர்கள். அதில் முதல் வரியே "நாங்கள் எதையும் மாற்றவில்லை" என்று இருக்கும். உடனே சிரித்துவிடாதீர்கள். அவர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம், என் அம்மா மாதிரி. மனசாரப் பொய்யும் சொல்லிக்கொண்டிருக்கலாம், என்னை மாதிரி. எது என்று தெரிய, எப்போது வரை ஒழுங்காக ஓடியது என்று முதலில் கேளுங்கள்.